செயின்ட் மோரா, ஃபுதாபாவா? யோகோஹாமாவில் மகளுக்குப் பள்ளி தேடிய கதை

யோகோஹாமாவின் யமாத்தே குன்றில் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 1872இல் மதர் மத்தில்ட் தலைமையில் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்னியரின் பணியில் பிறந்தது செயின்ட் மோர் சர்வதேசப் பள்ளி. அதே சபையினர் 1900இல் ஜப்பானியப் பெண்களுக்கென்று தொடங்கியது இன்றைய யோகோஹாமா ஃபுதாபா. என் மனைவி ஜப்பானியர், மகளுக்கும் ஜப்பான் குடியுரிமை. இரண்டையும் பார்த்துவிட்டு ஃபுதாபாவில் சேர்த்தோம். இப்போது மூன்றாம் வகுப்பு.

வெளிப்படையான வேறுபாடுகளை நீட்ட வேண்டாம். செயின்ட் மோரில் ஆங்கிலவழி, கடைசி வகுப்புகளில் ஐபி (International Baccalaureate) என்ற சர்வதேசப் பட்டயப் படிப்பு, இருபாலரும் படிக்கலாம், கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சம் யென்னுக்கு மேல். ஃபுதாபாவில் ஜப்பானியவழி, பெண்கள் மட்டும், கட்டணம் அதில் பாதிகூட இல்லை. நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். இரண்டு இடத்திலும் அது தடையில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது கான்ஜி, அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 1026 எழுத்துகள் கற்க வேண்டும். முதல் வகுப்பில் 80தான். இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200. ஒவ்வொன்றுக்கும் கோடு போடும் வரிசை உண்டு. எந்தக் கோடு சட்டென்று நிற்க வேண்டும், எது துள்ள வேண்டும், எது மெல்ல இழுபட்டு மறைய வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. ஒரே எழுத்தை இடத்துக்கேற்பப் பல விதமாக உச்சரிக்க வேண்டும் வேறு. ஜப்பானியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் மொழிப்பாடத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 315 பாடவேளைகள். அதற்கு மேல் கணக்குப் புத்தகம், நோட்டீஸ், சாப்பாட்டு மெனு என்று எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அப்படித்தான் அவை கையில் ஊறுகின்றன.

சர்வதேசப் பள்ளிகளிலும் ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள்தான். ஆனால் அங்கே அது ஒரு பாடம். மிச்சத்தை வீடு சுமக்க வேண்டும். வேறொரு சர்வதேசப் பள்ளியில் பையனைப் படிக்க வைக்கும் நண்பர் வீட்டில் தினமும் மாலை அம்மாவும் பிள்ளையும் கான்ஜி நோட்டோடு உட்காருகிறார்கள். சனிக்கிழமை காலையில் தனி வகுப்பு. ஆறு ஆண்டுகள் இப்படி! அந்த வீட்டில் மூன்றாவது மொழிக்கு இடமே இல்லை.

எனக்கு அந்த இடம் வேண்டும். எங்கள் வீட்டில் கான்ஜி வீட்டுப்பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்புறம் அரைமணி நேரம் தமிழ். ஒரு மரம் வரைந்தால் மரம், இரண்டு வரைந்தால் தோப்பு, மூன்று வரைந்தால் காடு என்று மகள் கான்ஜிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள்.

சட்டப் பக்கமும் பார்க்க வேண்டும். ஜப்பான் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வி உண்டு. பெரும்பாலான சர்வதேசப் பள்ளிகளில் படிப்பது அந்தக் கணக்கில் வராது. நடுவில் உள்ளூர் நடுநிலைப் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால் சிக்கலாகலாம். பல்கலைக்கழகத்தைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம். ஐபி பட்டயத்தை ஜப்பான் 1979 முதலே ஏற்கிறது.

ஆங்கிலத்தில் செயின்ட் மோர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் என் மகள் நிற்க முடியாது. நான்கைந்து ஆண்டுகளில் வேறு நாட்டுக்குப் போகும் குடும்பம் என்றாலோ, கட்டணத்தை கம்பெனி கட்டும் என்றாலோ செயின்ட் மோர்தான் சரி. பதின்ம வயதில் பெண்கள் பள்ளி எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது பிள்ளை பையன், நான்கு வயது. அவனுக்கு ஃபுதாபா கிடையாது. ஆண்களுக்கான கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி என்றால் 1888இல் தொடங்கிய கியோசேய் இருக்கிறது, ஆனால் அது டோக்கியோவில். ஆறு வயதுப் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் ரயிலில் அனுப்ப மனம் வரவில்லை. அதனால் செயின்ட் மோர் பேச்சு வீட்டில் மறுபடி எழுந்திருக்கிறது. கான்ஜியைத் தானே சொல்லித்தருவதாக மனைவி சொல்கிறாள். எந்த மாலையில் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.