ஸ்கிரைபஸில் தமிழ்த் துண்டறிக்கை: கொம்பு உடையாமல் அச்சகம் போய்ச் சேருமா?

டெங்கு விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பர், ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை நம்பித் தமிழில் வேலை செய்யலாமா என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய கேள்வி அன்று அது. பல ஆண்டுகளாகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் அதிலேயே செய்துவருபவன் என்ற முறையில், தமிழ் எழுத்து அச்சேறும் வழியில் எங்கே சிதைகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் என்பதெல்லாம் தெரிந்த செய்திகள்.

முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 1.4 வரிசையில் தமிழ் சரியாக வராது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘டெ’ என்பது முதலில் ட, அதன் பின்னர் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது; கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நிரலகம் 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அரபு எழுத்துகளைச் சரியாகக் கோக்க வேண்டும் என்ற தேவையோடு ஓமான் நாட்டுத் திறமூலக் குழு ஒன்று உழைத்ததன் பயன் நமக்கும் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் வெளியான 1.6 அந்த மாற்றங்களையெல்லாம் நிலையான பதிப்பாகத் தந்தது. அதற்குப் பிறகு, ஒழுங்காகத் தட்டச்சு செய்த தமிழை ஸ்கிரைபஸ் உடைத்து நான் பார்த்ததில்லை. இதை மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் ‘ஒழுங்காகத் தட்டச்சு செய்த’ என்ற அந்த நிபந்தனைதான் என் பொறுமையை ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது. துண்டறிக்கைக்கான வாசகத்தை யாரும் புதிதாகத் தட்டச்சு செய்து தருவதில்லை. பழைய பிடிஎஃப் ஒன்றிலிருந்து நகலெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படி நகலெடுக்கும்போது எழுத்துகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வந்து விழுகின்றன. அதாவது கொம்பு முன்னால், மெய் பின்னால். சொல்லின் தொடக்கத்தில் இது நேர்ந்தால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும், ஆகவே கண்டுபிடித்துவிடலாம். சொல்லின் நடுவில் நேர்ந்தால் அப்படியும் இல்லை. ‘தண்ணீர்த் தொட்டிகளை மூடவேண்டும்’ என்ற வரியில் வகரத்துக்குரிய கொம்பு முந்தைய டகரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘மூடேவண்டும்’ என்று ஆகிவிடும். வட்டமும் இல்லை, கட்டமும் இல்லை, பிழைதான் இருக்கிறது.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. புள்ளி வட்டத்துக்கான வடிவம் சில எழுத்துருக்களில் கிடையாது. அவற்றில் வரிசை தவறிய ‘கொசு’ அச்சு அசலாகச் சரியான ‘கொசு’ போலவே திரையில் தெரியும். வடிவமைப்பெல்லாம் முடிந்து, தலைப்புக்கு மட்டும் எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாமே என்று நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றியதும் வட்டங்கள் முளைக்கும். புதிய எழுத்துருவில்தான் கோளாறு என்று பலரும் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். கோளாறு வாசகத்தில் இருக்கிறது. ஏற்றுமதிக்கு முன் ஸ்கிரைபஸ் நடத்தும் சோதனை, எழுத்துருவில் இல்லாத வடிவங்களைச் சுட்டும். சட்டத்தை மீறி வழியும் உரையைச் சுட்டும். வரிசை தவறிய கொம்பைச் சுட்டாது. எல்லா வடிவமும் எழுத்துருவில் இருக்கிறதே, அதன் கணக்கில் பிழையே இல்லை. இது எந்த வடிவமைப்பு மென்பொருளுக்கும் பொருந்தும் என்பதால் ஸ்கிரைபஸை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது; ஆயினும் எரிச்சல் எரிச்சல்தான்.

வாசகம் முழுவதும் தலைகீழ் வரிசையில் இருந்தால், லிப்ரேஆஃபிஸ் ரைட்டரின் தேடி மாற்றும் பெட்டியில் சுருங்குறிக் கோவையை (regular expressions) இயக்கி, ([ெேை])([க-ஹ]) என்று தேடி $2$1 என்று மாற்றலாம். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும் வாசகத்தில் இதைச் செய்தால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். அப்போது புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவான வழி.

இனி அச்சகம். நான் கொடுத்த பிடிஎஃப்பை அங்கே கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்தார்கள். திறக்கும்போது உரையை உரையாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னதால் எழுத்துகள் மறுபடியும் கோக்கப்பட்டு, ‘டெங்கு’வின் கொம்பு டகரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது. கண்ணால் பார்த்த பிறகும், “ஃபான்ட் பிரச்சினை சார், உங்க ஃபைல் அப்படி” என்றார்கள். கோப்பு அப்படி இல்லை. எழுத்துரு முழுமையாக உள்ளே பொதிந்திருந்தது. உரையைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, எடுத்துக்கொள்ளும் தேர்வு அதே உரையாடல் பெட்டியில் இருக்கிறது. அதைச் சொடுக்க ஒரு நொடி போதும். அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை: அவர்கள் பழகியது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 தான் அதன் கடைசிப் பதிப்பு, அதற்கு ஒருங்குறி தெரியாது, ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பை முன்னால் தட்டச்சு செய்தால் முன்னாலேயே நிற்கும். அந்தப் பழக்கத்தில் தேர்ந்த கைகள் அவை.

இதற்கு ஸ்கிரைபஸ் தரும் மருந்துதான் நான் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியின் எழுத்துருப் பகுதியில், பொதிவதற்குப் பதிலாக எல்லா எழுத்தையும் கோட்டுருவாக மாற்றும் தேர்வு இருக்கிறது. அதன்பின் அந்தக் கோப்பில் எழுத்தே இல்லை, வடிவங்கள் மட்டுமே; எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. லேசர் புரூஃபில் சிறிய எழுத்து சற்றுத் தடித்துத் தெரியலாம், ஆஃப்செட் பிளேட்டில் தெரியாது.

வேறு சில நன்மைகளையும் சொல்லிவிடுகிறேன். மீரா இனிமை போல ஒரே தடிமன் உள்ள எழுத்துருவை ஸ்கிரைபஸ் போலியாகத் தடிக்க வைப்பதில்லை. அலுவலக மென்பொருள்கள் அப்படிச் செய்யும்போது ண, ணை ஆகியவற்றின் சுழிகள் மையில் அடைபட்டுப் போகின்றன. கறுப்பு எழுத்தும் ஒற்றைக் கறுப்பு மையாகவே போகிறது, நான்கு நிறங்களாகப் பிரிந்து ஓரங்களில் நிழல் தட்டுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், நண்பரே, இந்தத் துண்டறிக்கைக்கு ஸ்கிரைபஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முகாம் நடக்கும் இடமும் தொலைபேசி எண்ணும் அச்சுக்குப் போகும் காலை வரை மாறும் என்று நீங்களே சொன்னீர்கள். கோட்டுருவாக்கிய கோப்பில் அச்சகத்தில் ஓர் எண்ணைக்கூடத் திருத்த இயலாது. கோட்டுருவாக்காமல் கொடுத்தாலோ ‘டெங்கு’ உடையும். வாசகத்தை அச்சகத்திலேயே அவர்களுடைய எழுத்துருவில் அடிக்கச் சொல்லுங்கள். ஒருங்குறி வாசகத்தை எழுத்துரு மாற்றி மென்பொருளில் இட்டு அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றித் தராதீர்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து இருப்பதால் இணைய முகவரி உளறலாகிவிடும். புரூஃபைத் தாளில் வாங்கி, கொம்பு வரும் ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்துப் படியுங்கள். அடுத்த துண்டறிக்கைக்குத் தேதி முடிவானதும் சொல்லுங்கள், ஸ்கிரைபஸில் நானே செய்து தருகிறேன்.