சவாரி இல்லை, ஆனாலும் போகலாம்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு குதிரைக் காப்பகத்தில் நிதி திரட்டும் நாள் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

கார் ஒன்றுக்கு 10 பவுண்டு. வாசலில் 'கிஃப்ட் எய்ட்' படிவம் நீட்டுவார்கள், இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் மறக்காமல் நிரப்பிவிடுங்கள். நாம் நன்கொடையாகத் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும், நம் கையை விட்டு எதுவும் கூடுதலாகப் போகாது.

குதிரைச் சவாரி கிடையாது. சின்னவன் முகம் தொங்கிப்போனது. பட்டினி கிடந்தது, கால் நொண்டுவது, சேணத்தைக் கண்டாலே மிரள்வது என்று வந்து சேர்ந்தவற்றின் மேல் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அப்புறம் அது என்ன காப்பகம்? அவனுக்கு இது புரிய அரை மணி நேரமும் ஒரு ஐஸ்கிரீமும் ஆனது.

வேலியோரம் நின்றிருந்த பராமரிப்புப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்ததுதான் அன்றைக்கு உருப்படியான விஷயம். ஒரு மட்டக்குதிரைக்கு முகத்தில் வலை மாட்டியிருந்தது. "அப்பா, கண்ணை ஏன் கட்டியிருக்காங்க?" என்றான். அது ஈ மொய்க்காமல் இருக்கப் போடுவதாம், குதிரைக்கு உள்ளிருந்து நன்றாகவே கண் தெரியுமாம். பக்கத்தில் இன்னொன்றுக்கு, நம் ஊரில் கன்றுக்குட்டிக்குப் போடும் வாய்க்கூடு போல ஒன்று. கொழுத்த புல்லில் சர்க்கரை அதிகம், அதை இஷ்டத்துக்கு மேய்ந்தால் சில மட்டக்குதிரைகளுக்குக் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும் என்றார். பசும்புல் கெடுதல் செய்யும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அப்புறம் ஒரு கிழட்டுக் குதிரையின் காலைத் தூக்கி, கொக்கியால் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் அம்புமுனை போல இருந்த பாகத்தைப் பையனைத் தொடச் சொன்னார். ரப்பர் மாதிரி அமுங்கியது. குதிரை பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டுமாம், குதிரையோ 25, 30 வருடம் இருக்கும். நம் 10 பவுண்டு எந்த மூலைக்கு என்று அப்போதுதான் உறைத்தது.

சாப்பாடு சொதப்பல். பர்கர் வண்டி ஒன்றே ஒன்று, 40 நிமிட வரிசை, சைவம் என்றால் வெறும் சிப்ஸ். வயல் நடுவே சிக்னல் இல்லாததால் கார்டு மெஷினும் படுத்துவிட்டது. மைக்கில் ஒருவர் குதிரைகளின் கதையைச் சொன்னார், பாதி காற்றோடு போனது. டோம்போலா என்கிற பரிசுச் சீட்டுக் குலுக்கலில் 5 பவுண்டு விட்டு ஒரு ஷாம்பூ பாட்டில் ஜெயித்தோம்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், கூட்டம் சேர்வதற்குள் வேலியோரம் நின்று பேசலாம். சில்லறை, புளியோதரை, சேற்றுக்கு ஏற்ற பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் வேண்டாம், வெளியாட்கள் எதையும் ஊட்ட விடமாட்டார்கள். நாங்கள் கொண்டுபோன ஒரு கிலோவும் அடுத்த நாள் பொரியலாகிவிட்டது.