வெள்ளவத்தை வெக்கைக்கு ஒரு ஜெல் பாய்

கொழும்பில் காலி வீதியில் செல்லப்பிராணிச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நாய்களுக்கான ஜெல் பாய் ஒன்று வாங்கினேன். பெரிய அளவு என்று எழுதியிருந்தது, 90க்கு 50 சென்ரிமீற்றர். விலை 6,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. மார்ச் தொடக்கத்தில் வாங்கியது. சித்திரை வருடப்பிறப்பும் போய், வீதியில் வெசாக் கூடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் தினமும் பாவனையில் இருக்கிறது. அதனால் பெட்டியில் எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்லாமல் கொஞ்சம் உருப்படியாகப் பேசலாம்.

படுப்பவர் பெயர் பிளாக்கி. லாப்ரடோரும் தெருநாயும் கலந்தது, 28 கிலோ, பத்து வயது, பெயருக்கேற்ற கறுப்பு. வீடு தொடர்மாடியில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பல்கனி. கடல் தெரிகிறது என்று வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அந்தக் கடல் பக்கமாகவே வெயிலும் உள்ளே வரும் என்பதை எந்த வீட்டுத் தரகரும் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கும். வெப்பமானியைப் பார்த்தால் கொழும்பில் 31, 32 பாகைதான். இந்தியாவில் 43, 44 என்று செய்தியில் கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று இருக்கும். ஆனால் தென்மேல் பருவக்காற்று எழும்பும் வரை இங்கே காற்று அசையாது, காற்றில் ஈரமோ முக்கால் பங்குக்கும் மேல். நமக்கே வியர்வை காயாமல் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாயின் பாடு இன்னும் கஷ்டம். அதற்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடியில் மட்டும், அதுவும் பேருக்கு. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து, வாயிலும் மூச்சுப்பாதையிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த ஈரம் எங்கே போகும்? நாய் இளைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. இளைப்பதும் தசை செய்கிற வேலைதானே, அதிலும் கொஞ்சம் சூடு ஏறும்.

அதனால் கொழும்பில் இருந்துகொண்டு நாயைக் குளிர்விக்க எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தச் சாமான் தண்ணீர் ஆவியாவதை நம்பியிருக்கிறதா, இல்லை உடம்பைத் தொட்டுச் சூட்டை உறிஞ்சுகிறதா? முதல் வகை இந்த ஊரில் அரைகுறைதான். ஜெல் பாய் இரண்டாவது வகை என்பதால்தான் காசைக் கொடுத்தேன்.

பெட்டியில், நாயின் பாரம் பட்டவுடன் குளிர்ச்சி தொடங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பாரத்தால் குளிர் பிறக்காது. உள்ளே இருக்கும் ஜெல் அறையின் வெப்பநிலையில் இருக்கிறது, சொல்லப்போனால் 30 பாகை அளவில். நாயின் உடம்பு நல்ல சுகமாக இருக்கும்போதே 38க்கு மேல், 39 வரையும் போகும். அது படுத்தால் சூடு ஜெல்லுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தை. ஜெல் சூடாகி முடிந்ததும் பாயால் வேறொன்றும் செய்ய முடியாது. பிளாக்கி ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் படுக்கும், அப்புறம் எழும்பி வேறு இடம் பார்க்கும். பாயை ஆறவிட்டால் திரும்ப வந்து படுக்கும். இடையில் பாயைத் தொட்டுப் பார்த்தால் அது படுத்திருந்த இடம் மட்டும் நன்றாகவே சுடும். சூடு எங்கே போனது என்று கைக்கே தெரிகிறது.

இதனால் பாயை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மேற்கு அறையில் போட்டால் நாய் படுக்க முன்னரே பாய் சூடாகிவிடும். நீலப் பிளாஸ்டிக் துண்டொன்றுக்கு 6,000 ரூபா கொடுத்த கணக்கு. எங்கள் வீட்டில் குசினிக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான நடையில் வெயிலே படாது. அங்கே போட்ட பிறகுதான் பாய் உருப்படியாக வேலை செய்கிறது. நடுவில் படுத்திருக்கும் நாயைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும், அது வேறு கதை.

டைல்ஸ் நிலம் இதையே சும்மா செய்யுமே என்று கேட்பீர்கள். செய்யும். அம்மாவும் அதைத்தான் கேட்டா. வாங்கிய புதிதில் பிளாக்கி பாயை மணந்து பார்த்துவிட்டு, சுற்றிப் போய், பக்கத்து டைல்ஸில் படுத்துக்கொண்டது. "ஆறாயிரம் குடுத்துப் பாய் வாங்கினாய், அது நிலத்தில படுக்குது. எனக்கு ஒரு புல்லுப்பாய் வாங்கித் தந்தியா?" என்றா அம்மா. சாவகச்சேரியில் எங்கள் வீட்டு நாய்கள் கோடையில் கிணற்றடிக்குப் போய், குளித்த தண்ணீர் ஓடும் வாழைப் பாத்தியில் மண்ணைக் கிண்டி, ஈர மண்ணில் வயிறு படப் படுக்கும். இந்தப் பாய்க்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் இருந்தது. தொடர்மாடியில் கிண்டுவதற்கு மண் இல்லை, அதனால் கடைக்குப் போகிறோம்.

ஆனாலும் டைல்ஸ் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் பிளாக்கியின் முழங்கை. பாரமான நாய் வருடக்கணக்காக வெறும் நிலத்தில் படுத்தால் முழங்கைத் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்துவிடும். பிளாக்கிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒன்றில் அடிக்கடி வெடிப்பு. பஞ்சு மெத்தை போட்டால் முழங்கைக்கு நல்லது, ஆனால் வெக்கையில் பஞ்சின் மேல் எந்த நாய் படுக்கும்? ஜெல் பாய் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது மெல்லியதுதான், மெத்தை என்று சொல்ல முடியாது. அதற்குக் கீழே பழைய யோகா விரிப்பு ஒன்றை மடித்துப் போட்டேன். பாய் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போவதும் நின்றது, முழங்கைக்கும் தாங்கல் கிடைத்தது. கொஞ்ச நாளில் பிளாக்கி தானாகவே வந்து படுக்கத் தொடங்கியது. முழங்கை வெடிப்பும் இப்போது ஆறியிருக்கிறது. வயதான, பாரமான நாய் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம். சின்ன வயது நாய்க்கு டைல்ஸ் தாராளம்.

குறைகள் இல்லாமல் இல்லை. புதிதில் பிளாஸ்டிக் மணம் தூக்கலாக அடித்தது. சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து நிழலில் வைத்தால்தான் போனது. ஓரத்துத் தையலில் ஒரு மூலை இப்போதே பிரியப் பார்க்கிறது. கடையில் கேட்டால், பெட்டியைத் திறந்த பிறகு மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள். திறக்காமல் எப்படி மூலையைப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது, நகம். பிளாக்கி படுக்க முன்னர் கிண்டிச் சுற்றும் பழக்கம் உள்ள நாய். மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டிருக்கிறேன். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், ஓட்டை விழாது. எதையும் கடித்துப் பிய்க்கும் குட்டி நாய் வீட்டில் இருந்தால் இதைக் கொண்டுவரவே வேண்டாம். ஜெல்லை நக்குவது ஒரு பக்கம் இருக்க, விழுங்கிய பிளாஸ்டிக் குடலில் அடைத்தால் சத்திரசிகிச்சைதான்.

அதே கடையில் நனைத்துப் போடும் சட்டை ஒன்றையும் காட்டினார்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நாய்க்குப் போட வேண்டும், ஈரம் காயக் காயக் குளிரும். காய்ந்த ஊர்களில் அது நல்ல சாமான். வெள்ளவத்தையில் மழையில்லாத நாளில்கூடப் பல்கனியில் போட்ட துவாய் சொன்ன நேரத்துக்குக் காயாது. காயாத ஈரச் சட்டை நாயின் மேல் கிடந்தால் உடம்புச் சூட்டை உள்ளேயே மூடி வைக்கும். வாங்காமல் வந்தேன். ஈரத்துவாயை நாயின் முதுகில் போர்த்திவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். துவாயைப் போர்த்துவதைவிடக் கீழே விரித்துப் படுக்க விடுவது நல்லது.

உண்மையைச் சொன்னால் பாயைவிடப் பெரிய வேலை செய்வது எங்கள் பழைய மேசை மின்விசிறி. வயிறு, கவட்டிடை, பாதம் மூன்றையும் குழாய்த் தண்ணீரால் நனைத்து, நிலத்தோடு மட்டமாக மின்விசிறியைத் திருப்பி விட்டால், அசையாமல் நிற்கும் ஈரக்காற்று விலகிப் போய் ஆவியாதலுக்குக் கொஞ்சம் உயிர் வரும். காய்ந்த நாய்க்கு மின்விசிறி மட்டும் போட்டால் அவ்வளவாகப் பலன் இல்லை, அதற்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை.

கீழ் மாடி அன்ரியிடம் ஒரு பக் நாய் இருக்கிறது. பாயைப் பார்த்துவிட்டு, "மகள், நானும் ஒண்டு வாங்கட்டே?" என்று கேட்டா. வேண்டாம் அன்ரி, மத்தியானத்தில் ஏசியைப் போடுங்கோ என்றேன். மின்சாரக் கட்டணம் கூடும்தான். ஆனால் பக், பிரெஞ்சு புல்டோக் மாதிரி மூக்குத் தட்டையான நாய்களுக்கு மூச்சுப்பாதையே ஒடுக்கம். இளைத்துச் சூட்டை இறக்கும் அந்த ஒரு வழியும் பாதி அடைபட்டது. பாயை நம்பி அவற்றை மூடிய அறையில் விட்டுப் போகக்கூடாது. பொமரேனியன் வைத்திருப்பவர்கள் வெக்கைக்கு மொட்டையடிப்பதும் வேண்டாத வேலை. வெயிலை மறிப்பதும் அந்த மயிர்தான். உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் உள்மயிரைச் சீவி எடுத்தால் போதும்.

பாய் என்ன, ஏசி என்ன, நேரம் கெட்ட நேரத்தில் நாயை வெளியே கொண்டுபோனால் ஒன்றும் உதவாது. மரைன் டிரைவில் பொழுதுபட்டவுடன் நாய்களோடு இறங்குகிறார்கள். சூரியன் ஆறேகாலுக்குப் போய்விடும், தார் வீதி அதன் பிறகும் சுட்டுக்கொண்டிருக்கும். புறங்கையை வீதியில் வைத்து ஏழு விநாடி பிடிக்க முடியாவிட்டால் பாதத்துக்கும் அது தாங்காது. நாங்கள் விடிய ஐந்தரைக்குப் போகிறோம், இரவில் எட்டுக்குப் பிறகு.

வாங்குபவர்கள் பாயை மருந்தாக நினைத்துவிடக்கூடாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நாய் நிறுத்தாமல் இளைத்து, எச்சில் கட்டியாகி, பல் முரசு கடும் சிவப்பாகி, தள்ளாடத் தொடங்கினால் அது வெப்ப அதிர்ச்சி. உடம்பு 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அந்த நேரத்தில் பாயில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, சூட்டை இறக்கத் தொடங்கிவிட்டு மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வாகனம். காலி வீதி நெரிசலில் சூடு பிடித்த நாயை அப்படியே முச்சக்கர வண்டியில் ஏற்றினால் போய்ச் சேரும் நேரத்துக்கு நிலைமை கைமீறிவிடலாம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. "பெரிய" பாயில் பிளாக்கியின் உடம்பு அடங்குகிறது, தலை டைல்ஸில் கிடக்கிறது. அதற்கு அது கவலைப்படவில்லை. இதற்கு அடுத்த அளவு 9,000 ரூபாவுக்கு வருகிறதாம், தலைக்கு மட்டும் அவ்வளவு கொடுக்க எனக்கு மனமில்லை. கொக்கர் ஸ்பானியல் அளவு நாய்க்கு இது சரியாக இருக்கும். வாங்குவதென்றால் கடையில் வைத்தே பெட்டியைத் திறக்கச் சொல்லி, நான்கு மூலைத் தையலையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.