‘ரத்த ஓட்டத்துக்கு’ என்று விற்கும் பொருட்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பீட்ரூட் பொடி, ஏபிசி (ஆப்பிள், பீட்ரூட், கேரட்) மால்ட், பூண்டு–வினிகர் சிரப், எல்-ஆர்ஜினின் சாஷே, ஜின்கோ மாத்திரை, வெரிகோஸ் சாக்ஸ். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் இவை எல்லாவற்றின் மேலும் ‘ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்’ என்ற ஒரே வாசகம்தான் இருக்கிறது. இவற்றில் கொடுத்த காசுக்குப் பலன் தருபவை இரண்டு: பொடிக்குப் பதிலாக மார்க்கெட்டில் வாங்கும் பச்சை பீட்ரூட், அளவெடுத்து வாங்கும் சாக்ஸ். மற்றவற்றில் சில வீண், ஒன்றிரண்டு ஆபத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், எந்தக் குழாயில் கோளாறு என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். ‘காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லை’ என்று நாம் சொல்லும்போது மூன்று வேறு வேறு சிக்கல்களைச் சொல்கிறோம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விடுகிறது என்றால் ரத்தத்தைக் கீழே கொண்டு போகும் தமனியில் அடைப்பு இருக்கலாம். சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது என்றால் அது ரத்தத்தை மேலே கொண்டு வரும் சிரையின் வால்வுக் கோளாறு (வெரிகோஸ்); ‘புடைத்த நரம்பு’ என்று பேச்சில் சொல்வது இந்தச் சிரையைத்தான். ராத்திரியில் பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் ரத்தக் குழாயே காரணம் இல்லை; சர்க்கரை நோயாலோ பி12 குறைவாலோ, உணர்ச்சியைக் கடத்தும் நரம்புகளுக்கு வரும் பாதிப்பு. இந்த மூன்றாவது ரகத்தில் இருப்பவர்களும் ரத்த ஓட்ட டப்பாக்களை வாங்குகிறார்கள். அவர்களுக்கு அவற்றில் எதுவும் உதவாது.

தமனி அடைப்பைக் கண்டுபிடிக்க ஏபிஐ என்ற எளிய பரிசோதனை போதும். கணுக்காலில் எடுக்கும் மேல் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் கல்போல் இறுகிவிடுவதால் 1.4க்கு மேல் காட்டலாம். அதையும் நல்ல எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேறொரு அபாயமும் உண்டு. பர்ஜர் நோய் என்று ஒன்று, நாற்பதைத் தாண்டாத ஆண்களின் கால் விரல்களையே கறுக்க வைத்துவிடும். புகையிலையை நிறுத்தினால் ஒழிய அதற்கு எந்தப் பொடியும் எந்த அறுவை சிகிச்சையும் பலன் தராது.

பீட்ரூட்: பச்சையாக, பொடியாக, மால்ட்டாக

இந்த வரிசையில் உண்மையான செயல்பாடு உள்ள உணவு இதுதான். பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கியபின் உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துவது அந்த வாயுதான். அதைக் கண்டறிந்ததற்காக 1998ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குடித்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் விளைவு உச்சத்துக்கு வரும். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 4 புள்ளி அளவில் குறையும். தமனி அடைப்பு உள்ள 8 பேரிடம் 2011ல் நடந்த சிறு ஆய்வில், ஜூஸ் குடித்த அன்று வலி வருமுன் அவர்களால் 18 சதவீதம் கூடுதல் நேரம் நடக்க முடிந்தது. எட்டுப் பேரை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் தமனி அடைப்புக்கு என்று விற்கும் மற்ற டப்பாக்களுக்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

இனி டப்பாவுக்கு வருவோம். ஆய்வுகளில் கொடுக்கப்படும் அளவு 300 முதல் 500 மில்லிகிராம் நைட்ரேட். ஒரு கிலோ பச்சை பீட்ரூட்டில் மண்ணையும் உரத்தையும் பொறுத்து சுமாராக 1 முதல் 2 கிராம் இருக்கும். ஆக, தோல் சீவிய 250 கிராம் கிழங்கில் வேண்டிய அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். பொடியில்? பீட்ரூட்டில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்; 100 கிராம் காய்ந்தால் 12 கிராம்தான் மிஞ்சும். டப்பாவில் சொல்லியிருக்கும் 5 கிராம் ஸ்பூன் என்பது 40 கிராம் கிழங்குக்குச் சமம். காயவைப்பதில் ஒன்றுமே வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 40–80 மில்லிகிராம்தான் தேறும். ஆய்வு அளவை எட்ட தினமும் ஐந்தாறு ஸ்பூன் போட வேண்டும். அப்படிப் போட்டால் 200 கிராம் டப்பா ஒரு வாரத்தில் காலி. நைட்ரேட் எவ்வளவு என்று லேபிளில் எண்ணாக அச்சிடாத பொடியை வாங்காதீர்கள். நம் ஊர்ப் பொடிகளில் பெரும்பாலானவை அதை அச்சிடுவதில்லை.

ஏபிசி மால்ட், பீட்ரூட் மால்ட் இரண்டுக்கும் கதையே வேறு. செய்முறையைப் பாருங்கள்: ஜூஸைப் பிழிந்து, ஏறக்குறைய சம எடைக்குச் சர்க்கரையோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்து, அடிகனமான சட்டியில் கிளறிக்கொண்டே காய்ச்சி, தண்ணீர் முழுக்க வற்றிப் பூத்து வந்ததும் இறக்கிச் சலித்து, பால் பவுடரும் ஏலக்காயும் சேர்க்கிறார்கள். ஜூஸின் தண்ணீர் போனபின் சட்டியில் மிஞ்சுவது பெரும்பகுதி சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை என்பதால் சர்க்கரை நோயாளிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. குழந்தைகள் பாலைக் குடிக்க ஒரு ருசி என்று வாங்கலாம். ரத்த ஓட்டத்துக்கு என்று வாங்க வேண்டாம்.

வீட்டில் செய்யும்போது பலனைக் கெடுப்பவை சில. துண்டுகளை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் நைட்ரேட் தண்ணீரோடு போய்விடும். பொரியலாகச் செய்தால் தெளித்த தண்ணீர் உள்ளேயே சுண்ட வேண்டும். காலையில் அரைத்த ஜூஸை மேசை மேல் வைத்துச் சாயங்காலம் குடிக்காதீர்கள், கிருமிகள் வளரும், நைட்ரைட்டும் கூடும். இதே காரணத்தால் கைக்குழந்தைக்குப் பீட்ரூட் ஜூஸ் கூடவே கூடாது. கிருமிநாசினி மவுத்வாஷ் தினமும் கொப்பளிப்பவர்களுக்கு நாக்கின் பாக்டீரியா அழிந்து, என்ன குடித்தாலும் பயன் இருக்காது. இதை யாரும் சொல்வதில்லை. 250 கிராம் கிழங்கில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு. சர்க்கரை நோயாளிகள் வடிகட்டிக் குடிப்பதைவிடத் துருவித் தயிர்ப் பச்சடியாகச் சாப்பாட்டோடு சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட்டுக்காகவும், சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்துக்காகவும் தவிர்க்க வேண்டும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போவது நிறத்தால்தான், பயம் வேண்டாம். தினமும் பீட்ரூட் சலித்துப்போனால் தண்டுக்கீரை, பாலக், முள்ளங்கி மூன்றிலும் நைட்ரேட் தாராளம்.

பூண்டு–இஞ்சி–எலுமிச்சை–வினிகர் சிரப்

நான்கு சாறும் ஒவ்வொரு கப், நாலு கப்பை மூன்றாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் மூன்று கப் தேன். வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றிய இந்தக் குறிப்பு இப்போது பாட்டிலில் ‘இதய அடைப்பு நீக்கி’ என்ற பெயரில் விற்கிறது. பாதி பாட்டில் தேன். மீதியில் பூண்டின் வீரியமும் பெரிதாக இருக்காது. பூண்டை நசுக்கும்போதுதான் அதிலுள்ள ஒரு நொதி அல்லிசினை உண்டாக்கும். நீண்ட நேரம் கொதித்தால் நொதியும் போகும், அல்லிசினும் சிதையும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, ரசத்தில் இறக்கும் நேரத்தில் போடுவது இதைவிட மேல். முழுப் பல்லாகத் தேனில் ஊறப்போடுவதற்கும் இதே குறைதான்.

என் பெரிய ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. தமனிச் சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வருடக்கணக்கில் வளர்ந்த அடைப்பை வயிற்றுக்குள் போகும் எந்தப் புளிப்பும் கரைக்காது. ஆஞ்சியோ செய்யச் சொன்ன பிறகு ‘மூணு மாசம் இதைக் குடித்துப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதில் உயிரே போகலாம். வெறும் வயிற்றில் குடித்தால் அல்சர்காரர்களுக்கு எரிச்சல், தொடர்ந்து குடித்தால் பல் எனாமல் தேய்வு. பூண்டு மாத்திரையோ, அதிகப் பூண்டோ சாப்பிடுபவர்கள் அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இந்த பாட்டிலுக்கு என் பரிந்துரை: வாங்கவே வேண்டாம்.

சாஷேயும் மாத்திரையும்

எல்-ஆர்ஜினின் என்பது உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்யப் பயன்படுத்தும் ஓர் அமினோ அமிலம். அதைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேருக்கு அமெரிக்காவில் பாதிப் பேருக்கு ஆர்ஜினின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்ஜினின் தரப்பில் 6 பேர் இறந்தார்கள், மறு தரப்பில் ஒருவரும் இல்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள், முடிவு 2006ல் வெளியானது. இதய நோயாளி தானாக இந்த சாஷேயைக் கரைத்துக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தருவது வேறு காரணத்துக்காக. அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஜின்கோ மர இலைச் சாறு, நடக்கும்போது வரும் கால் வலியைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்றுதான் ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு அபாயம் வேறு. சாப்பிட்டதும் ‘உடம்பெல்லாம் சூடு பரவுகிறது, வேலை செய்கிறது’ என்று தோன்றும் மாத்திரைகளின் லேபிளில் நியாசின் (வைட்டமின் பி3) இருக்கிறதா பாருங்கள். அது தோலைச் சிவக்க வைக்கும் விளைவு, அவ்வளவுதான்.

சிரைக் கோளாறுக்கு மட்டும் ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரத்தின் விதைச் சாறு, அதன் செயல்படு பொருளான ஏசின் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று தினம் இரு வேளை, வீக்கத்தையும் கனத்தையும் சில வாரங்களுக்குக் குறைப்பதாக நல்ல சான்று உண்டு. டயோஸ்மின்–ஹெஸ்பெரிடின் மாத்திரையும் அந்த வகைதான், அதை டாக்டர்களே எழுதுகிறார்கள். இரண்டும் புடைத்த நரம்பை உள்ளே போகச் செய்யாது. இந்த சப்ளிமென்ட்களின் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் படிக்கும்போது அதையும் படியுங்கள்.

நடை

தமனி அடைப்புக்கு நடையை மிஞ்சும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை, ஆனால் முறையாக நடக்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் வலி தொடங்கும் வேகத்தில் நடங்கள். வலி நடுத்தரமாக ஏறும் வரை விடாமல் போய், பிறகு உட்கார்ந்து முழுக்க விட்டதும் மறுபடி நடங்கள். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். வலி வந்ததுமே பயந்து நிறுத்திவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. தொடங்குமுன் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஓய்விலும் வலி, பாதத்தில் ஆறாத புண் இருந்தால் நடைப் பயிற்சி கிடையாது, நேராக ரத்தக் குழாய் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று ஒரு கால் வெளுத்து ஜில்லென்று ஆனாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிரைக் கோளாறுக்கு வேலை கெண்டைக்காலுக்கு. அந்தத் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 20 முறை, நாளுக்கு மூன்று வேளை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. நாற்காலி கேட்பது உங்கள் உரிமை.

சாக்ஸ்

நரம்பு சுருட்டலுக்கும் சாயங்கால வீக்கத்துக்கும் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அட்டையில் எம்எம்எச்ஜி என்ற அலகில் அழுத்தம் எழுதியிருக்க வேண்டும். கிளாஸ் 1 என்றால் சுமார் 18–21, கிளாஸ் 2 என்றால் 23–32. புடைத்த நரம்புக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது கிளாஸ் 2. கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருந்தால்தான் ரத்தம் ஏறும். எண் எதுவும் இல்லாமல் சில நூறு ரூபாய்க்கு விற்பவை வெறும் இறுக்கமான குழாய்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் வெள்ளை சாக்ஸும் நடமாடுபவர்களுக்கானது அல்ல.

கடையில் செருப்பு நம்பரைக் கேட்டு எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். காலையில் வீக்கம் ஏறுமுன் இன்ச் டேப்பால் கணுக்காலின் மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் என்று மூன்று அளவும் இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுத்து, அட்டையில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலோருக்கு முழங்கால் வரை போதும். நம் வெயிலுக்கு விரல் திறந்த ரகம் தாங்கும்.

போடத் தெரியாமல்தான் பாதிப் பேர் அலமாரியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கையை உள்ளே விட்டுக் குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்தபின் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது, நகமும் கிழிக்காது. மேல் ஓரத்தைச் சுருட்டி விடவே கூடாது. சுருட்டிய இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கி வீக்கத்தைக் கூட்டும். எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்றி, எண்ணெயோ க்ரீமோ ராத்திரியில் மட்டும் தடவுங்கள். ஏபிஐ குறைவாக இருப்பவர்களும், பாதத்தில் உணர்ச்சி இல்லாத சர்க்கரை நோயாளிகளும் டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது. வரும் கொஞ்ச ரத்தத்தையும் இது தடுத்துவிடும்.

மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்துங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்துக்குள் இழுவை தளர்ந்துவிடும். போடுவது சுலபமாகிவிட்டது என்று தோன்றினால் புது ஜோடி வாங்கும் நேரம் வந்துவிட்டது. அப்போதும் பழைய சைஸையே கேட்காமல் காலை மறுபடி அளந்துகொண்டு போங்கள்.