மூட்டையில் வந்த முக்கால் துப்பாக்கி: மூன்று வருட அனுபவம்

மெரினாவில் பலூன் சுடும் கடை போட்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் 2021 கடைசியில் ஓர் உரச்சாக்கு வாங்கினேன். விலை 700 ரூபாய். "உள்ளே ஒரு முழு ஏர் கன் இருக்கு தம்பி, சேர்க்கிறதுதான் பாக்கி" என்றார். வீட்டுக்கு வந்து செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பார்த்தால் முக்கால் துப்பாக்கி இருந்தது. குழல் உண்டு, சிலிண்டர் உண்டு, பிஸ்டன் உண்டு. கழுத்தில் விரிசல் விட்ட மரக்கட்டை உண்டு. டிரிகர் இருந்தது, ஆனால் வேறு ஏதோ மாடலுடையது. குழல் மடங்கும் இடத்தில் போகும் போல்ட், ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குள் நிற்கும் கம்பி, பிஸ்டன் தலையில் வரும் தோல் வாசர், குறிபார்க்க உதவும் பின் குறியை ஏற்றி இறக்கும் திருகு, இவை எதுவும் இல்லை.

அது இன்றைக்கு 5,000 குண்டுகளுக்கு மேல் சுட்டிருக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில்தான் சுடுவேன். 10 மீட்டர் தூரம், பின்னால் களிமண் அடைத்த பெட்டி.

சட்டம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்காத ஆள் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காகக் குருவி, காக்கா என்று குறிபார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வரும் சமாச்சாரம்.

முதலில் கையில் எடுத்தது வாசரை. இந்த ரகத்தில் குண்டைத் தள்ளுவது காற்று. குழலை மடிக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அழுத்தி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்தால் கொக்கி விடும், பிஸ்டன் முன்னால் பாயும், எதிரே இருக்கும் காற்று நசுங்கிச் சின்ன ஓட்டை வழியாகக் குழலுக்குள் புகும். வாசர் ஒழுகினால் ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. அடிபம்பிலும் பழைய சைக்கிள் பம்பிலும் கிண்ணம் போல ஒரு தோல் இருக்குமே, அதே சாதிதான். பஸ் ஸ்டாப்பில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் 3 மி.மீ. கனத்தில் எருமைத்தோல் துண்டு வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, 25 மி.மீ. துளை உள்ள இரும்பு வளையத்துக்குள் மரக்குச்சியால் அழுத்தி இரண்டு நாள் காயவிட்டேன். கிண்ணம் வந்தது. விளிம்பைச் சவர பிளேடால் சீவி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். ஒரே முறையில் சரியாக அமைந்த பாகம் இது ஒன்றுதான். மாதிரி எதுவும் கையில் இல்லாததால் அளவெடுத்துச் செய்தேன், அதனால் பிழைத்தேன்.

மற்றதெல்லாம் 'கிட்டத்தட்டப் பொருந்துகிறதே' என்ற ஆசையில் கெட்டது. பாகம் இல்லையென்றால் ஒரு தடவை செலவு. கிட்டத்தட்டச் சரியான பாகம் கிடைத்துவிட்டால் மூன்று தடவை.

குழல் போல்ட்டைப் பாருங்கள். சைக்கிள் கடையில் கிடைத்த போல்ட் 8 மி.மீ. துளைக்குள் சொகுசாகப் போனது. வெர்னியர் அளவுகோலில் வைத்தால் 7.8 மி.மீ. 0.2 மி.மீ.தானே என்று முறுக்கிவிட்டேன். பத்து மீட்டரில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஒரு வாரம் குண்டைத் திட்டினேன், அடுத்த வாரம் என் கண்ணைத் திட்டினேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். போல்ட்டிலிருந்து குண்டு செருகும் குழலின் பின் வாய் வரை சுமார் 40 மி.மீ. அந்த நீளத்தில் 0.2 மி.மீ. சாய்வு என்றால் 10 மீட்டரில் 5 செ.மீ. முன் குறி குழல் மேல், பின் குறி சிலிண்டர் மேல் என்று இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் துப்பாக்கியில் இந்தச் சாய்வு கண்ணுக்கும் தெரியாது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் துளைக்குத் தகுந்த மாதிரி போல்ட் கடைந்து வாங்கினேன், 180 ரூபாய். அன்றைக்கே சிதறல் பாதியானது.

ஸ்பிரிங் கதையும் அதே. பட்டறையில் சுற்றித் தந்தது 3 மி.மீ. கம்பி, 34 சுற்று. முழுக்க நசுங்கினாலும் 102 மி.மீ. இருக்கும். கொக்கி மாட்டும் நிலையில் உள்ளே மிஞ்சும் இடமோ 96. குழலை எவ்வளவு மடித்தாலும் கொக்கி பிடிக்கவில்லை. நான் பலம் போதவில்லை என்று நினைத்து முட்டிக்கால் போட்டு மடித்ததில் கட்டையின் விரிசல் இன்னும் ஒரு அங்குலம் ஓடியதுதான் மிச்சம். மூன்று சுற்று வெட்டி, கடைசிச் சுற்றை மட்டும் சூடாக்கித் தட்டையாக்கிச் சாணை பிடித்தேன். 93 மி.மீ. 'டக்' என்று மாட்டியது. ஸ்பிரிங்குக்குள் நிற்கும் கம்பிக்குத் திரைச்சீலைக் குழாய் ஒன்றை நறுக்கிப் போட்டிருந்தேன், அதுவும் 'கிட்டத்தட்ட'. ஒவ்வொரு தடவையும் கோயில் மணி அடித்த மாதிரி 'ணங்' என்று ஒரு நடுக்கம். கடைசியில் அதற்கும் லேத்தில் இரும்புக் கம்பி கடைய வேண்டி வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கைப் பூட்டும் பின் மூடியை வெறும் கையால் அழுத்தவே கூடாது. நான் சிலிண்டரைச் சுவரில் முட்டுக்கொடுத்து மார்பால் அழுத்தினேன். வழுக்கியது. மூடி பீரோவில் பட்டு உண்டான பள்ளத்தை வீட்டில் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீள கிளாம்ப்பை வாடகைக்கு வாங்கிச் செய்தால் பத்து நிமிட வேலை.

டிரிகரில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன் என்று சொல்ல ஆசை, ஆனால் அங்கேயும் முதலில் சபலப்பட்டேன். மூட்டையில் இருந்த டிரிகர் கொக்கியைத் தொட்டும் தொடாமலும் பிடித்தது. அரம் போட்டுச் சரிசெய்யலாம் என்று எடுத்தவன், நல்லவேளையாக, முதலில் ஒரு சோதனை வைத்தேன். குண்டு போடாமல், குழல் முனையை மணல் வாளிக்குள் வைத்து, அடிக்கட்டையைக் கால்மிதியின் மேல் இலேசாகத் தட்டினேன். இரண்டாவது தட்டிலேயே கொக்கி தானாக விட்டது. அரத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கடைக்கார அண்ணன் மூலமாக டிரிகரும் கொக்கியும் ஜோடியாகவே வரவழைத்தேன். 450 ரூபாய். கொக்கி சரியில்லாத துப்பாக்கியில் குண்டு செருகும்போது குழல் திடீரென்று மேலே அடித்தால் விரல் போகும். அதனால் இன்றைக்கும் குண்டு போடும்போது இடது கையால் குழலைப் பிடித்தபடியேதான் போடுவேன்.

மூன்று வருடத்தில் எப்படி இருக்கிறது? சந்தோஷம்தான், சில குறைகளோடு. ஐந்து குண்டுகள் பழைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன, அதாவது 25 மி.மீ. போட்டிகளில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. என்பதை நினைத்தால் தலை தானாகத் தரைக்கு வந்துவிடும். ரைபிள் கிளப்புக்குப் போகும் நண்பர் வேகமானியில் வைத்துப் பார்த்தார். அரை கிராம் குண்டு நொடிக்கு 148 மீட்டர், ஏறக்குறைய 5.5 ஜூல். பலூனுக்கும் அட்டைக்கும் தாராளம்.

தோல் வாசர் சித்திரை வெயிலில் காய்ந்துவிடுகிறது. சத்தம் சப்பென்று ஆனால் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய், ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்தால் சரி. ஒருமுறை சோம்பலில் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். பட்டாசு மாதிரி வெடித்து, குழல் வாயில் புகை வந்தது. நசுங்கிச் சூடாகும் காற்றில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் ஓடுவது போல. அது ஸ்பிரிங்குக்கும் வாசருக்கும் கேடு. குண்டில்லாமல் சுடுவதும் அப்படித்தான், எதிரே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். சென்னையில் இருக்கும்போது கடல்காற்றில் குழலில் துரு பூக்கிறது, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குண்டு ஈயம்.

பின் குறித் திருகு இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கே ஒரு தீக்குச்சி முட்டுக்கொடுத்து நிற்கிறது. மழைக்காலத்தில் அது ஊறினால் குண்டு மேலே போகும்.

செலவு மொத்தம் 2,900 ரூபாய், லேத் பட்டறைக்குப் போய்வந்த பெட்ரோல் சேர்க்காமல். இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்திருக்கும் என்று தம்பி சொல்கிறான். சொல்லட்டும்.

போன பொங்கலுக்கு ஊர்ப் பக்கம் வந்த கடைக்கார அண்ணனிடம் துப்பாக்கியைக் கொடுத்தேன். "உங்க கடையில குழலை வேணும்னே வளைச்சு வெச்சிருக்கீங்களாமே அண்ணே?" என்று நெடுநாள் சந்தேகத்தையும் கேட்டுவிட்டேன். "நான் எதுக்கு வளைக்கணும், ஞாயித்துக்கிழமை முந்நூறு பேர் மடிச்சா அதுவே வளையும்" என்றார். மடித்தார், சுட்டார், கொல்லைத் தென்னையில் கட்டியிருந்த தகர மூடி 'டிங்' என்றது. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தத் தோல் வாசர் மட்டும் எனக்கு நாலு செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். அந்த வளையம் இப்போது மாதம் நாலு வாசர் போடுகிறது.