ரெதுயியா, ரெயூனியனா?

பட்டம் படிக்க நம் மொரீஷியஸின் ரெதுயியில் இருக்கும் பல்கலைக்கழகமா, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருப்பதா? பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இப்போது இதுதான் பேச்சு. என் ஓட்டு ரெதுயிக்கு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

மொரீஷியஸ் பல்கலைக்கழகம் 1965-இல் விவசாயம், நிர்வாகம், தொழில்நுட்பம் என்று மூன்று துறைப் பள்ளிகளோடு தொடங்கியது. கரும்பு ஆராய்ச்சி நிலையமும் அதே ரெதுயியில்தான் என்பதால் விவசாயம் படிப்பவருக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வெளியே வந்து டோல் பூரி என்கிற பருப்பு ரொட்டியை வாங்கிக் கடிக்கும்போது பேச்செல்லாம் நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். தமிழில் பட்டம் வேண்டுமா, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்துப் பல்கலைக்கழகப் பட்டமே வாங்கலாம். முதல் பட்டத்துக்கு நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை.

ரெயூனியன் பல்கலைக்கழகம் 1982-இல் வந்தது, தலைநகர் சேன் தெனியின் மூஃபியா பகுதியில். எல்லாம் பிரெஞ்சு, எழுத்துப் பிரெஞ்சில் தடுமாறுகிறவருக்கு முதல் வருஷம் திண்டாட்டம்தான். ஆனால் வானிலை, வளிமண்டலம் என்று ஆராய்ச்சிப் பித்துப் பிடித்தவர் என்றால் யோசிக்காதீர்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,160 மீட்டர் உயரத்தில் 2012-இல் திறந்த மைதோ ஆய்வகம் அங்கே இருக்கிறது, அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், சரி, விசாவும் வாடகையும் யார் பார்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டா, விலக்கு உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.