சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க விடும் விளையாட்டும், விடாத விளையாட்டும்

போன மாரி காலத்தில் மச்சான் ஒருவன் கிளிநொச்சியில் இருக்கும் என் கடைக்கு ஒரு கதையோடு வந்தான். புருசன் கட்டாரில். மனுசி முறிகண்டிப் பக்கம், இரண்டு பிள்ளைகளோடு. பின்னேரங்களில் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. "இதை ஒரு விளையாட்டாச் செய்வம், வயசு வந்த ஆக்களுக்கு மட்டும். என்ன பதில் சொல்லுறமோ அதுக்கேத்த மாதிரிக் கதை பிரிஞ்சு போகவேணும்" என்றான். சரி, எந்த விளையாட்டைப் பார்த்துச் செய்வது? கடையைப் பூட்டிய பிறகு இருவரும் இரவிரவாக விளையாடிப் பார்த்தோம். கடைசியில் போட்டியில் நின்றவை இரண்டு விளையாட்டுகளும் ஒரு வகையும்.

முதலாவது, ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'கேத்தரின்'. வின்சன்ட்டுக்கு வயது 32. பல வருடமாகப் பழகும் காதலி கேத்தரின் கலியாணப் பேச்சை எடுக்கிறாள். அவன் மதுக்கடையில் போய்க் குந்துகிறான். விடிய எழும்பினால் பக்கத்தில் இன்னொரு கேத்தரின். ஆங்கிலத்தில் ஒருத்திக்கு முதலெழுத்து கே, மற்றவளுக்கு சீ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, வின்சன்ட் படும் பாடு நமக்கு எழுத்திலேயே வந்துவிடுகிறது. தாலி இன்னும் ஏறவில்லை என்பதால் இது சரியான கணக்கில் கள்ளத்தொடர்புக் கதை இல்லை என்று மச்சான் வாதாடினான். நான் விடவில்லை.

இரவில் கனவு. கட்டைகளை இழுத்துத் தள்ளி மேலே ஏற வேண்டும், விழுந்தால் நிசத்திலும் சாவு. அந்தக் கட்டை தள்ளும் வேலை எனக்குச் சீயென்று போய்விட்டது. 2019இல் வந்த 'ஃபுல் பொடி' பதிப்பில் அதைத் தாண்டிப்போக வழி இருக்கிறது, வெட்கப்படாமல் தாண்டலாம். விசயம் இருப்பது பகலிலும் இல்லை, கனவிலும் இல்லை. மதுக்கடை மேசையில் கிடக்கும் போனில் இருக்கிறது. குறுஞ்செய்தி வரும். பதிலை வரி வரியாகத் தெரிவு செய்ய வேண்டும், பிடிக்காத வரியை அழித்து வேறொன்று போடலாம். 'வேலை, பிந்துது' என்று போடுவதா, 'நாளைக்குக் கதைப்பம்' என்று போடுவதா? அனுப்பியதும் ஒரு முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் நகரும். அந்தப் புதியவள் அனுப்பும் படத்தைச் சிநேகிதர்களுக்கு முன்னால் பார்க்க முடியாது, கழிப்பறைக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். குளிக்கப் போகும்போதும் போனைக் கிணற்றடிக்குக் கொண்டு போகிறவனை எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

பழைய பதிப்பில் எட்டு முடிவுகள், புதியதில் பதின்மூன்று. எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்தப் பெரிய தெரிவையும் எடுக்காமல் வெறும் மழுப்பலாகவே பதில் போட்டுப் பார்த்தேன். மழுப்பலையும் அது கணக்கில் எடுத்தது.

இரண்டாவது 'ஃபசாட்'. மைக்கேல் மட்டியாசும் அன்ட்ரூ ஸ்டேர்னும் 2005இல் இலவசமாக விட்டது, அடுத்த ஆண்டு ஸ்லாம்டான்ஸ் விளையாட்டு விழாவில் பெரிய பரிசும் எடுத்தது. இதில் துரோகம் செய்கிறவர் நாமில்லை. கிரேஸ், டிரிப் என்ற புருசன் பெண்சாதி வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். இருவருக்கும் பழைய சிநேகிதர். குடிக்க ஏதோ தருகிறார்கள், வீட்டுச் சோடனையில் தொடங்கிய பேச்சு கொழுவலாகிறது, மூடி வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. நாம் தட்டச்சில் என்னவும் சொல்லலாம். பதினைந்து, இருபது நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இடையில் சேமித்து வைக்கவோ ஒரு வசனத்தைத் திருப்பி எடுக்கவோ வழியில்லை.

என் மனுசி இதை விளையாடினாள். இரண்டு பக்கமும் கேட்டுச் சமாதானம் பண்ணுவாள் என்று பார்த்தால், வந்து மூன்றாவது நிமிடத்தில் கிரேசிடம் "இவனை விட்டிட்டு வா" என்றாள். டிரிப் அவளைக் கதவடிக்கு அனுப்பிவிட்டான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலு தரம் போனாள். வழக்குக்குப் போக முன்னம் சமாதானம் பேசும் இணக்க சபையில் இருக்கிற ஆட்களின் பாடு இப்போதுதான் விளங்குது என்றாள். இந்தக் கோணத்தில் 'கேத்தரின்' கிட்டவும் நிற்காது. எங்கள் ஊர்களில் ஒரு குடும்பம் உடைவதில் அயலுக்கும் பங்குண்டு. ஆர் கட்டாருக்குப் போன் போட்டுச் சொன்னது என்பதுதான் பாதிக் கதை.

ஆனால் 'ஃபசாட்' ஆங்கிலம் மட்டும் கேட்கும், அதையும் பல நேரம் பிழையாகக் கேட்கும். 'மெலன்' என்று பழத்தின் பெயரைச் சொன்னதற்கே டிரிப் கோபப்பட்டு வெளியே தள்ளுவது உலகம் முழுக்கப் பகிடி. எங்கள் பேச்சுத் தமிழை, அதுவும் சாடைமாடையாகக் கதைப்பதை, விளங்கிக்கொள்ளும் ஒன்றை இரண்டு பேர் ஒரு பழைய லப்டொப்பில் செய்ய முடியாது.

மூன்றாவது ஒரு தனி விளையாட்டு இல்லை, வகை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2018இல் கதவைத் திறந்துவிட்ட பிறகு பெருகிய வளர்ந்தோருக்கான படக்கதைகள். பெரும்பாலும் ரென்பை என்ற, படக்கதை விளையாட்டுச் செய்யும் மென்பொருளில் செய்தவை. நாலைந்து பார்த்தோம், பெயர் சொல்லும் தகுதி ஒன்றுக்கும் இல்லை. அவற்றில் புருசன் என்பவர் சுவர் மணிக்கூடு, எத்தனை மணிக்கு வருவார் என்பது மட்டும்தான் கணக்கு. மனைவி ஒரு படி தவறினால் ஒரு படம் பரிசு. சுட்டியின் சில்லை மேலே உருட்டினால் சொன்ன பொய் வாய்க்குள் திரும்பப் போய்விடும், வேறு பொய்யைச் சொல்லிப் பார்க்கலாம். எங்கள் படலையடியில் அப்படி ஒரு வசதி கிடையாது.

இருந்தும் கருவி என்று பார்த்தால் ரென்பைதான். இலவசம், அன்ட்ராய்ட் போனிலும் ஓடும். பழைய பதிப்பில் தமிழ்க் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்று 'கெ' என்பது உடைந்து தெரிந்தது, இப்போதைய பதிப்பில் ஒழுங்காக நிற்கிறது. சில்லு உருட்டிப் பின்னால் போவதை ஒரே வரியில் நிறுத்தலாம்.

ஆக, போன் 'கேத்தரினில்' இருந்து, விருந்தாளி 'ஃபசாட்டில்' இருந்து, கருவி மட்டும் மூன்றாவதில் இருந்து. மச்சான் இதை முழுதாக ஒப்பவில்லை. புருசனும் மனுசியும் கைகுலுக்கிப் பிரியும் ஒரு முடிவு வேண்டும் என்று நின்றான். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டப்படி விவாகரத்துக்கு யாராவது ஒருவரின் பிழையைக் காட்ட வேண்டும்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. மனம் ஒத்துவரவில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியாது. அந்த முடிவை எழுதினால் அது வன்னிக் கதையாக இராது என்றேன்.

மருதத் திணையில் இதெல்லாம் முந்தியே நடந்த கதைதான். பரத்தையிடம் போனவன் திரும்பி வருவான், அவனுக்காகப் பாணன் தூது வருவான், தோழி வாயில் மறுப்பாள் அல்லது விடுவாள். வயலும் குளமும் எங்களிடமும் இருக்கின்றன. எங்கள் கதையில் திரும்பி வருகிறவன் தவறு செய்தவன் இல்லை, படலைக்கு உள்ளே நிற்கிறவள் செய்தவள். அதனால் தோழியின் வேலையை விளையாடுகிறவருக்குக் கொடுத்திருக்கிறோம், அடுத்த வளவு அக்காவாக. அவவுக்குப் போனில் வரும் முதல் கேள்வி கட்டாரில் இருந்து: "அக்கா, வீட்டில ஆக்கள் ஆரும் வந்து போறவையோ?" இதற்கு மச்சான் மூன்று பதில் எழுதியிருக்கிறான். நாலாவதாக, வாசித்துவிட்டுப் பதில் போடாமல் விடுவதையும் ஒரு தெரிவாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.